மணி அடிக்கும் முறை

பயிற்சி முடிந்து எழுபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. சிவப்புப் பொத்தானை ஒருவர்கூடத் தொடவில்லை.

கடத்தூரைத் தாண்டி இருக்கும் அந்த மாங்கூழ் ஆலையில், கழுவிய பழங்கள் நான்கு தடமாகப் பிரிந்து பெல்ட்டில் ஊர்ந்து வரும். ஒரு தடத்துக்கு இரண்டு பெண்கள். முன்னால் நிற்பவர் அழுகலையும் அடிபட்டதையும் பொறுக்கி எடுப்பார். அவர் கண்ணுக்குத் தப்பியதைப் பின்னால் நிற்பவர் பிடிப்பார். பிடித்தவுடன் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். மணி அடிக்கும், பெல்ட் நிற்கும். இருவரும் அந்தப் பழத்தைப் பார்த்து, எப்படித் தப்பியது, வெளிச்சம் போதவில்லையா, பெல்ட் வேகம் அதிகமா, கை ஓய்ந்துவிட்டதா என்று பேசிச் சரிசெய்ய வேண்டும். யார் தப்பு என்பது கேள்வி இல்லை, எதனால் தப்பு என்பதுதான் கேள்வி.

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் அருண்குமார் இதை இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார். அப்போது பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு பொத்தானை அழுத்தினார்கள். நல்ல பழத்துக்கும் அழுத்தினார்கள். அவர் மனம் நிறைந்து பஸ் ஏறிப் போனார். அவர் போன பிறகு மணிக்கு வாய் அடைத்துவிட்டது.

மேலாளர் மாதவராஜ் கலைமதியைக் கூப்பிட்டார். கலைமதி ஆய்வுக்கூடத்தில் கூழின் இனிப்பையும் புளிப்பையும் அளக்கிறவள். வேதியியல் பட்டதாரி. தீர்த்தமலைப் பக்கத்து ஊர். யார் எது கேட்டாலும் முதலில் தலையை ஆட்டிவிட்டு, பதிலை அப்புறம் மெல்லத் தேடுகிற பெண். பழச்சாறு கம்பெனியிலிருந்து அதிகாரி வர இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது, பயிற்சி கையில் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இந்த வருஷக் கொள்முதலைச் சொல்வார்கள், அதற்குள் இவர்களைப் பழக்குவது உன் பொறுப்பு என்றார் மாதவராஜ். அவளுடைய வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேஜைமேல் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"நீ இதை முடிச்சுக் குடும்மா. நான் அதை முடிச்சுக் குடுக்கறன்."

கலைமதி தலையை ஆட்டினாள். அவள் அப்பா ஆனி முடிய கெடு வைத்திருந்தார். அதற்குள் வேலை நிரந்தரம் ஆகாவிட்டால் ஊருக்குத் திரும்பி பி.எட். சேர வேண்டும். நாற்பது பிள்ளைகள் எதிரில் நின்று சத்தமாகப் பேசுவது அவளால் ஆகாத காரியம். ஆய்வுக்கூடம் அவளுக்குப் பிடித்திருந்தது. அங்கே கண்ணாடிக் குடுவைகள் எதையும் திருப்பிக் கேட்பதில்லை.

பெண்கள் பாடத்தை மறந்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பெரிய எழுத்தில் எழுதி பெல்ட்டுக்கு நேராக ஒட்டினாள். ஒவ்வொருவரிடமும் போய் மெதுவான குரலில் கேட்டாள். அத்தனை பேரும் ஒப்பித்தார்கள். மாதம்மாள், பயிற்சியாளர் நடுவில் இருமிய இடத்தில் தானும் இருமிக் காட்டினார். மறதி இல்லை. ஆனால் மணியும் இல்லை. அதைவிட வினோதம், பெல்ட்டின் கடைசியில் போய்ப் பார்த்தால் பழமெல்லாம் சுத்தமாக இருந்தது. தப்பியவை எங்கே போயின என்று தெரியவில்லை.

நான்காம் நாள் டீ நேரத்தில் சோபனாவின் வயிறு கலைமதியின் கண்ணில் பட்டது. சோபனா மாதம்மாளின் மருமகள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஏப்ரனுக்குள் நன்றாக மேடு தட்டியிருந்தது. கலைமதி ஓடிப்போய் ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து போட்டாள்.

"உக்காருங்கக்கா. இந்த நேரத்துல ரொம்ப நிக்கக் கூடாது."

"எந்த நேரத்துல?"

கலைமதி பதிலைத் தேடினாள். பார்வை மட்டும் கீழே போனது. சோபனாவும் குனிந்து தன்னைப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த குலுக்கலில் ஏப்ரன் பையிலிருந்து ஒரு பழம் உருண்டது. பின்னாலேயே இன்னொன்று, அதன் பின்னால் நாலைந்து. எல்லாம் அழுகல்.

சோபனா அவசரமாகக் குனிந்து பொறுக்கினாள். மாமியார் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க அத்தை விட்டதுங்க. நான் மணி அடிச்சா அது கம்பெனி முழுக்கக் கேக்கும். சாயங்காலம் அப்புறம் நான் எந்த வூட்டுக்குப் போறது?"

அன்று கலைமதி ஒவ்வொருவர் ஏப்ரனையும் பார்த்தாள். பின்வரிசை முழுக்கப் பைகள் புடைத்திருந்தன. ஒருத்திக்கு முன்னால் நின்றவர் பெரியம்மா. இன்னொருத்திக்கு மூத்த ஓரகத்தி. ஒரே வேனில் வருகிறவர்கள் ஒரே தடத்தில் நிற்கட்டும் என்று யாரோ எப்போதோ நிறுத்தி வைத்தது. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்காமல், தப்பிய பழத்தைப் பைக்குள் தள்ளி, வேலை விட்டுப் போகும்போது குப்பைத் தொட்டியில் சத்தமில்லாமல் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சகாயமேரிக்கு மட்டும் அந்த வரிசையில் உறவென்று யாரும் இல்லை. சின்னம்மாள் என்பவருக்குப் பின்னால் நிற்பவர். அவர் பையும் புடைத்திருந்தது. நீங்கள் அழுத்தலாமே என்று கலைமதி கேட்டாள்.

"நான்தாங்க அழுத்தவே கூடாது. சொந்தக்காரி அழுத்துனா ஒரு நாள் சண்டை. நான் அழுத்துனா, வேத்தாளு வந்து காட்டிக்குடுத்தான்னு ஆயுசுக்கும் பேச்சு" என்றார் சகாயமேரி.

கலைமதி யோசித்தாள். மருமகள் மாமியாரைச் சொல்ல முடியாது. மாமியார் மருமகளைச் சொல்லலாம் அல்லவா? மறுநாள் காலை எல்லா ஜோடியையும் திருப்பி நிறுத்தினாள். சின்னவர்கள் முன்னால், பெரியவர்கள் பின்னால்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அழுகலுக்கு அடித்தது, தோலில் வெயில் பட்ட தடத்துக்கு அடித்தது, காம்போரம் பால் காய்ந்த கறைக்கு அடித்தது. ஓடிய நேரத்தைவிட பெல்ட் நின்ற நேரம் அதிகம். மாதம்மாள் ஒவ்வொரு பழத்தையும் தலைக்குமேல் தூக்கி நான்கு திசைக்கும் காட்டிவிட்டுத்தான் தட்டில் வைத்தார். சோபனாவின் காது சிவந்துபோனது. மாதவராஜ் அறையிலிருந்து ஓடிவந்து, இங்கே என்ன மாரியம்மன் பண்டிகையா நடக்கிறது என்று கேட்டார்.

"மணி அடிக்கச் சொன்னீங்க, அடிக்கறங்க. இவ வூட்லயும் இப்படித்தானுங்க, எதையும் பாக்கறதில்ல" என்றார் மாதம்மாள்.

மதியத்துக்குமேல் பழையபடியே நிறுத்தச் சொல்லிவிட்டு மாதவராஜ் போனார். போகும்போது, கடிதம் இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது என்று கலைமதிக்கு நினைவூட்டினார்.

அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். தண்ணீரில் அமிலத்தை ஊற்றினால் அடங்கும். பொருள் இரண்டும் அதேதான், எதை எதில் ஊற்றுகிறோம் என்பதுதான் கணக்கு. கலைமதி கல்லூரியில் முதல் வாரம் படித்தது அது. ஆனால் இந்த இரண்டு பேரை எப்படித் திருப்பி ஊற்றினாலும் தெறித்தது. அப்படியானால் பக்கத்தில் வைக்க வேண்டிய பொருளே வேறு.

அது என்னவென்று மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் தெரிந்தது. மாதம்மாளின் தூக்குப்போசியிலிருந்து ராணியம்மாள் ஒரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டார். ராணியம்மாள் மாதம்மாளுக்கு அண்ணன் மனைவி. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்.

"இந்தக் கைப்பக்குவத்துக்குத்தான் உங்கண்ணன் உன்னை அவசர அவசரமாக் கட்டிக்குடுத்து அனுப்பிவுட்டாரு."

கலைமதிக்குத் திக்கென்றது. ஆனால் மாதம்மாள் புரையேறச் சிரித்தார். நேற்று ஒரு கறைக்கு மருமகளை உண்டு இல்லை என்று ஆக்கியவர்.

"எங்கண்ணனைக் கட்டிக்கிட்ட நாள்லேருந்து இதையேதான் சொல்ற. புதுசா எதுனா சொல்லு அண்ணி."

கலைமதி சாப்பாட்டை மூடி வைத்தாள். எழுந்துபோய் அவர்கள் நடுவில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தானாக ஒரு பேச்சை ஆரம்பித்தாள். இங்கே யார் யாருக்கு என்ன முறை வேண்டும் என்று கேட்டாள்.

அந்தப் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் லேசில் எழுந்துபோக முடியாது. மாமன் வழி, அத்தை வழி, பெண் கொடுத்த வழி, எடுத்த வழி என்று எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கலைமதிக்கு வேண்டியது ஒன்றுதான். யார் யாரைக் கேலி செய்யலாம், அதற்கு யார் கோபப்படக் கூடாது. நாத்தனாரை அண்ணி சொல்லலாம். அண்ணியை நாத்தனார் சொல்லலாம். அத்தை மகளை மாமன் மகள் எது வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்லாவிட்டால்தான் வருத்தம். பெரியம்மாவைச் சொல்லக் கூடாது. ஓரகத்திகளை ஒரே அறையில் விடுவதே பிசகு. இதையெல்லாம் இரண்டு நாள் பயிற்சியில் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் கலைமதி மறுபடியும் ஆட்களை மாற்றினாள். மாதம்மாளுக்குப் பின்னால் ராணியம்மாள். மாதம்மாளின் மகள் மணிமேகலை லேபிள் ஒட்டும் பிரிவில் இருந்தாள். லேபிளுக்கு வேறு ஆளை அனுப்பிவிட்டு அவளைக் கொண்டுவந்து, அவளுக்குப் பின்னால் அண்ணி சோபனாவை நிறுத்தினாள். இன்னொரு தடத்தில் அத்தை மகளுக்குப் பின்னால் மாமன் மகள். மிஞ்சியது சின்னம்மாளும் சகாயமேரியும்.

"எங்களுக்குள்ள முறை இல்லீங்களே" என்றார் சகாயமேரி.

சின்னம்மாள் கொஞ்சம் யோசித்தார். "எங்கூடப் பொறந்த அண்ணன் ஒருத்தன் இருந்தான்னு வெச்சிக்க. அவனுக்கு உன்னைக் கட்டியாச்சு. இன்னையிலேருந்து நீ எனக்கு அண்ணி."

"எங்க வூட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றன்" என்றார் சகாயமேரி.

பெல்ட் ஓட ஆரம்பித்துச் சிறிது நேரத்தில் முதல் மணி அடித்தது. ராணியம்மாள் ஒரு பழத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். பாதி கறுத்த பழம்.

"ஏண்டி மாதம்மா, இது உன்னைத் தாண்டி வரும்போது நீ அதைப் பாத்தியா, இல்ல அது உன்னைப் பாத்துச்சா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. மாதம்மாளும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுப் பழத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு தான் நின்ற இடத்தில் போய் நின்று மேலே பார்த்தார். அந்தத் தூணின் நிழல் தன் தடத்தில் விழுகிறது, கறுப்பும் நிழலும் ஒன்றாகத் தெரிகிறது என்றார். அன்று மாலையே எலக்ட்ரீஷியன் ஒரு விளக்கை நகர்த்திப் போட்டார். அருண்குமார் இரண்டு நாள் வரைபடம் போட்டு விளக்கியது இதைத்தான்.

அதற்குப் பிறகு மணி அடித்தபோதெல்லாம் ஒரு கிண்டலும் கூடவே வந்தது. கண் போகிற வயசு என்றார்கள். புருஷன் நினைப்பு என்றார்கள். சோபனா மணிமேகலையைப் பார்த்து, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் மாப்பிள்ளை பார்க்கப் போகிறாயா என்று கேட்டாள். கிண்டல் முடிந்த கையோடு காரணமும் வந்தது. பெல்ட் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். குட்டையான மணிமேகலைக்குக் காலடியில் பலகை போட்டார்கள். நாளாக நாளாக மணி அடிப்பது குறைந்தது. ஏப்ரன் பைகள் தட்டையாகக் கிடந்தன. அருண்குமார் போனில் விசாரித்தபோது, நிற்கிற ஆட்களை மாற்றினேன் சார் என்று மட்டும் கலைமதி சொன்னாள். எந்த அடிப்படையில் என்று கேட்டார். பதிலைத் தேடுவதற்குள் லைன் கட் ஆகிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல் மட்டும் மிச்சம் இருந்தது. பழுக்க வைத்த அறையிலிருந்து ஒவ்வொரு லோடாகத்தான் பெல்ட்டுக்கு வரும். லோடுக்கு ஒரு நம்பர், கழித்த பழத்துக்கு அதே நம்பர் போட்ட தட்டு. மற்ற தட்டுகளில் ஐந்தாறு பழம் கிடந்தால் அதிகம். ஏழாம் நம்பர் தட்டு மட்டும் வழிந்தது. கலைமதி ஒரு பழத்தை அறுத்துப் பார்த்தாள். தோலுக்கு அடியில் கன்றிப்போயிருந்தது. பறித்த காய் அப்படி ஆகாது. காற்றில் விழுந்த காயைப் பொறுக்கி நல்ல காயோடு கலந்திருக்கிறார்கள். மண்டி வழியாக வந்த லோடு என்பதால் ஆபீஸ் சீட்டில் மண்டிக்காரர் பெயர்தான் இருந்தது. யார் தோப்பு என்று யாருக்கும் தெரியாது.

பெல்ட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். சகாயமேரியின் கணவர் சவுரியப்பன்தான் அந்த லோடை ஏற்றிவந்த டிரைவர். பெல்ட் நின்றிருந்த ஒரு சமயம் சகாயமேரி கலைமதியின் காதோரம் குனிந்து, அது யார் தோப்பு என்று சொன்னார். கேட்டதும் கலைமதியின் கண் தானாக மேலாளர் அறைப் பக்கம் போனது. மாதவராஜ் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறைக்கே போகிற அளவுக்கு நெருக்கமான ஆள். மாதவராஜுக்கு இந்த விஷயம் தெரியாது. மண்டி வழியாக வந்ததே அவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான்.

"நீங்களே சார்கிட்ட சொல்லிடுங்களேன்" என்று கலைமதி எல்லோரையும் பார்த்துச் சொன்னாள்.

"நாங்க எப்படிங்க பாப்பா? மேனேஜருக்கு ஏதுங்க முறை?" என்றார் ராணியம்மாள்.

கலைமதி இரண்டு தடவை மேலாளர் அறைக்குப் போனாள். முதல் தடவை, கூழின் இனிப்பு அளவு சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். இரண்டாம் தடவை, புளிப்பும் சரியாக இருக்கிறது என்றாள். மேஜைமேல் கடிதம் இருந்தது. எட்டுப் பெண்களை மணி அடிக்கப் பழக்கியாகிவிட்டது, தன் கைதான் இன்னும் பொத்தானுக்குப் போகவில்லை என்று அவளுக்கே தெரிந்தது. அந்தப் பெயரைச் சொன்னால் அந்தக் கையெழுத்து விழுமா என்பதுதான் தெரியவில்லை.

அதிகாரி வரும் நாள் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்தவரை தொப்பூர் கணவாயில் ஒரு லாரி மறித்துப் படுத்துக்கொண்டது. காலையில் வர வேண்டியவர் மதியம்தான் வந்தார். ஐம்பது வயது அம்மாள், நிறையப் பேசாதவர். பெல்ட் ஓரமாக நின்று பார்த்தார். மணி அடித்தது. சின்னம்மாளைப் பார்த்து சகாயமேரி ஏதோ சொல்ல, அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நகர்த்திய விளக்கைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். இதையெல்லாம் யார் சொல்லிச் செய்தீர்கள் என்று கேட்டார். நாங்களேதான் என்று மாதம்மாள் சொன்னதும், பயிற்சி கொடுத்த எத்தனையோ இடத்துக்குப் போயிருக்கிறேன், பயிற்சி வேலைக்கு வந்து சேர்ந்ததை இங்கேதான் பார்க்கிறேன் என்றார்.

மாதவராஜுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆளை அனுப்பி அந்தக் கடிதத்தை அங்கேயே எடுத்துவரச் சொன்னார். எல்லாம் இந்தப் பெண்ணுடைய வேலை என்று அதிகாரியிடம் கலைமதியைக் காட்டிவிட்டு, பேனாவின் மூடியைத் திறந்தார்.

அப்போது ஏழாம் நம்பர் லோடில் மிச்சம் இருந்த பழம் பெல்ட்டில் ஏறியது.

சோபனா மணி அடித்தாள். பெல்ட்டை ஓடவிட்டதும் ராணியம்மாள் அடித்தார். அடுத்து சகாயமேரி. அதிகாரி தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து அழுத்திப் பார்த்தார். இது விழுந்த காய் ஆயிற்றே, எங்கிருந்து வாங்குகிறீர்கள் என்று கேட்டார்.

மாதவராஜின் முகம் மாறியது. விருந்தாளி எதிரில் மானம் போகிறதே என்ற கோபம். பேனாவைப் பிடித்த கையாலேயே தட்டைக் காட்டினார். எந்த அயோக்கியன் இதை மண்டியில் தள்ளினான், இன்றைக்கே லோடு திரும்பிப் போகும், இனிமேல் அவன் வீட்டுப் பழம் ஒன்று இந்த கேட்டைத் தாண்டாது என்றார். பெண்கள் ஆளுக்கொரு பழத்தை எடுத்து அக்கறையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆருன்னு உங்களுக்கெல்லாம் தெரியுது. மூஞ்சிய பாத்தாலே தெரியுது. கலைமதி, நீயாவது சொல்லும்மா. ஆரு அவன்?"

பெல்ட் நின்றிருந்தது. கலைமதி கடிதத்தைப் பார்த்தாள். பேனா முனை அதன்மேல் ஒரு விரல் உயரத்தில் நின்றது. அந்தத் தோப்புக்காரர் சாருக்குப் பெரியம்மாவும் இல்லை, மாமியாரும் இல்லை என்று திடீரென்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் அவள் குரல் கடைசித் தடம் வரைக்கும் கேட்கிற அளவுக்கு வந்தது.

"நீங்க கேலி பண்ற முறைதானுங்க சார். ஏழாம் நம்பரு உங்க மச்சான் தோப்புப் பழம்."